அடுக்ககத் தீத்தடுப்புச் செலவு யாருடையது?

கேள்வி: 24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தில், கட்டுநர் மாட்டிச் சென்ற தீயணைப்பு உருளைகளை எட்டு ஆண்டுகளாக யாரும் தொட்டதில்லை. என் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். நானும் பராமரிப்புச் செலவில் பங்கு தர வேண்டுமா? – வாசகர், சென்னை

பதில்: அவசியம் தர வேண்டும். படிக்கட்டு, மீட்டர் அறை, தீயணைப்புக் கருவிகள் ஆகியவை பொதுவானவை என்பதால், தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன்படி அவற்றின் செலவு உரிமையாளர்கள் அனைவரையும் சேரும்; குடியிருப்பவர் வாடகைதாரர் என்பதால் உங்கள் கடமை நீங்கிவிடாது.

எட்டு ஆண்டுகள் என்பது உண்மையிலேயே கவலையளிக்கிறது. உருளையின் கழுத்திலுள்ள சிறு அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்படி நின்றாலும், அசையாமல் தொங்கிய உருளைக்குள் பவுடர் கட்டிதட்டிப் போயிருக்கக்கூடும். ஆகவே தகுதியுள்ள சர்வீஸ் நிறுவனத்தைக் கொண்டு பவுடரை மாற்றி, உருளையின் தாங்குதிறனையும் சோதித்து, அடுத்த சோதனைத் தேதியை அதிலேயே ஒட்டச் செய்யுங்கள்.

செலவே இல்லாத கடமைதான் பல இடங்களில் விடுபடுகிறது. மீட்டர் பெட்டிக்கு அடியில் பழைய மெத்தையும், படிக்கட்டுத் திருப்பத்தில் சைக்கிளும் கிடந்தால், புகை சூழ்ந்த இருட்டில் குழந்தைகளும் முதியவர்களும் எப்படி இறங்குவார்கள்? அவற்றை இந்த வாரமே அகற்றுங்கள்.