பணம் கட்டி ஆராய்ச்சி வேண்டாம், உன் ஓ.பி.யிலேயே கேள்வி இருக்கிறது

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. தங்கை ஊரிலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. இரண்டு பேருக்கும் ஆராய்ச்சி செய்து பார்க்க ஆசை. சீனியர்களிடம் கேட்டால், "அதெல்லாம் அமெரிக்கா போகிறவர்களுக்கு, நீ நீட் பி.ஜி.க்குப் படி" என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு நிறுவனம் கோடைக்கால பயோமெடிக்கல் இன்டர்ன்ஷிப் என்று விளம்பரம் போடுகிறது. நாலு வாரம், பாதி ஆன்லைன், ஆளுக்கு 18,000 ரூபாய், சான்றிதழும் ஒரு கட்டுரை வெளியீடும் உறுதி என்கிறார்கள். அப்பா கடன் வாங்கிக் கட்டத் தயாராக இருக்கிறார். கட்டலாமா? தெரிந்தவர் யாரும் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா? எங்களுக்கு மே மாதம் லீவே கிடையாது, எப்போது செய்வது?

பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

கட்டாதேம்மா. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு, பிறகு மேற்கொண்டு படி.

ஆராய்ச்சி ஆரம்பிக்கும் முன்பே கட்டுரை உறுதி என்று ஒருவர் சொல்கிறார் என்றால், முடிவு என்ன வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று, ஏற்கெனவே யாரோ எழுதி வைத்ததில் உன் பெயரைச் செருகுவார்கள், இல்லையென்றால் காசு கொடுத்தால் எதையும் போடுகிற இதழ் ஒன்றில் போடுவார்கள். நாளைக்கு பி.ஜி. இன்டர்வியூவிலோ வேலைக்குப் போகிற இடத்திலோ அந்தக் கட்டுரையைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டால் உனக்குப் பதில் வராது, அந்தச் சங்கடம் 18,000 ரூபாயைவிடப் பெரியது. ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்கொள்ளாதே. சில நல்ல ஆய்வு நிறுவனங்களும் மாணவர்களிடம் பயிற்சிக் கட்டணம், பெஞ்ச் ஃபீஸ் என்று ஏதோ வாங்குகின்றன. அது நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும், எந்த ஆய்வகத்தில் யாரிடம் வேலை செய்யப் போகிறாய் என்பது முன்கூட்டியே தெரியும். யாரிடம் என்பதையே சொல்லாமல் பணத்தை முதலில் கேட்பவர்களை விட்டுத் தள்ளு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொல்வது நியாயம்தான், எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் கோடை என்பதே கிடையாது. பி.எஸ்சி. மாணவி மே, ஜூனில் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூரு போகலாம், நீ போனால் அட்டெண்டன்ஸ் போய்விடும். இதற்காகவே ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 1979லிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது, ஷார்ட் டெர்ம் ஸ்டூடண்ட்ஷிப், எல்லாரும் எஸ்.டி.எஸ். என்பார்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கானது, ஹவுஸ் சர்ஜன் ஆகிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. உன் கல்லூரியிலேயே, உன் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கைடாக வைத்து, இரண்டு மாதத்தில் முடிகிற ஒரு சின்ன ஆய்வு. திட்டத்தை எழுதி ஆன்லைனில் அனுப்ப வேண்டும், அவர்கள் தேர்வு செய்வார்கள், செய்து முடித்து அறிக்கை அனுப்பி அது ஏற்கப்பட்டால் சான்றிதழும் உதவித்தொகையும் வரும். முன்பு 20,000 ரூபாயாக இருந்தது, சமீப வருடங்களில் 50,000. பணம் முடிவில்தான் வரும் என்பதால் ஜெராக்ஸ் செலவுக்கு இப்போது உன் கையிலிருந்துதான் போடவேண்டியிருக்கும், அது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். அறிவிப்பு வருகிற மாதம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அதனால் அறிவிப்பு வந்தபிறகு கைடைத் தேடலாம் என்று இருக்காதே. ஒரு கைடுக்கு ஒரு மாணவர்தான், நல்லவர்களை முந்திக்கொண்டவர்கள் எடுத்துவிடுவார்கள்.

தெரிந்தவர் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தினமும் பாடம் எடுக்கிற பார்மகாலஜி, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி ஆசிரியர்களைத் தெரியாதா என்ன? எஸ்.பி.எம். என்கிற சமூக மருத்துவ டிபார்ட்மெண்டில் பெரும்பாலும் ஒரு அசிஸ்டெண்ட் புரொஃபசராவது மாணவர்கள் வந்து கேட்கமாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார். எச்.ஓ.டி.யிடம் நேரே போவதைவிட இவர்களிடம் போவது நல்லது, இவர்களுக்குத்தான் உன் டேட்டா ஷீட்டைப் பார்க்க நேரமும் பொறுமையும் இருக்கும். ஆனால் "சார், ஏதாவது டாபிக் கொடுங்க" என்று மட்டும் போய் நிற்காதே. அப்படிக் கேட்டால் கிடைப்பது, நூற்றுக்கு நூறு, "முதலாம் ஆண்டு மாணவர்களிடையே எதைப் பற்றியோ விழிப்புணர்வு" என்கிற கூகுள் ஃபார்ம் ஆய்வுதான். விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவு வரும். இதுவரை போதும் என்று முடிவு வந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

கேள்வியை நீயே கொண்டுபோ. எப்படி என்று ஒன்றைக் காட்டுகிறேன், இதையே காப்பி அடிக்காதே. டயபெட்டிக் ஓ.பி.யில் அரை மணி நேரம் நின்று பார். "வர்ற வழியில செருப்பு கழண்டு போச்சு, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்" என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அது சிரிக்கிற விஷயம் இல்லை, காலில் உணர்ச்சி போயிருக்கிறது, அடுத்து ஆறாத புண் வரலாம். அப்போது கேள்வி இப்படி வருகிறது: இங்கே வருகிறவர்களில் எத்தனை பேருக்குக் கால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்கு அது தனக்கே தெரியாது? கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழை போதும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு இழை லேசாக வளைகிற அளவுக்குப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை பேரைப் பார்ப்பது? நம் கல்லூரிகளில் எல்லாரும் போடுகிற ஃபோர் பி க்யூ பை டி ஸ்கொயர் கணக்கைப் போடு. பி என்பது எதிர்பார்க்கிற சதவீதம், க்யூ என்பது நூறில் மீதி, டி என்பது எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பது. முந்தைய ஆய்வு ஒன்றில் 30 சதவீதம் என்று இருந்து, ஏழு சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று வைத்தால், 4 பெருக்கல் 30 பெருக்கல் 70, வகுத்தல் 49. விடை 171க்குக் கொஞ்சம் மேல், அதாவது 172 பேர். இரண்டு மாதம் என்றால் வாரத்துக்குச் சுமார் இருபது பேர், வகுப்பு முடிந்தும் போஸ்டிங் நடுவிலும் செய்யக்கூடிய எண்ணிக்கைதான். இதே கணக்கில் 600 வந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடு, நீ ஒற்றை ஆள்.

இப்போது உன் திட்டத்தைப் படித்து மதிப்பிடுகிற ரெவ்யூவர் எங்கே குறை கண்டுபிடிப்பார் என்று யோசி. நம் ஊரில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு வருகிறவர்கள் யார்? சர்க்கரை கட்டுப்படாதவர்கள், வேறு தொந்தரவும் சேர்ந்தவர்கள் அதிகம் இருப்பார்கள். அதனால் உனக்குக் கிடைக்கிற சதவீதம் மாவட்டத்துக்கே பொருந்தாது, இந்த ஓ.பி.க்கு மட்டும்தான் பொருந்தும். இதை நீயே உன் திட்டத்தில் எழுதிவிட்டால், இந்தப் பெண் யோசித்திருக்கிறாள் என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். டெல்லியில் உட்கார்ந்து திட்டங்களைப் புரட்டுகிறவருக்கு உன் ஊரைப் பற்றி இந்த ஒரு வரி போதும்.

ஆய்வு நோயாளிகளுக்குக் கெடுதல் செய்யாதா என்று பார்க்கிற கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வருவதற்கு முன் ஒரு நோயாளியிடமும் ஆய்வுக்கென்று ஒரு கேள்வி கேட்கக் கூடாது. பல கல்லூரிகளில் அந்தக் கமிட்டி சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும், அடுத்த கூட்டம் எப்போது என்று ஆபீசில் முதலிலேயே விசாரித்து வை, நிறைய எஸ்.டி.எஸ். சிக்கிக்கொள்வது இங்கேதான். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் வேண்டும், அதை உன் பாட்டிக்கு வாசித்துக் காட்டு, அவருக்குப் புரிந்தால் சரி. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் சாட்சி கையெழுத்து கட்டாயம். "மாட்டேன்" என்று சொன்னவருக்கு வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது, டாக்டர் கோட்டைப் பார்த்துப் பயந்து சரி என்கிறவர்களும் உண்டு, அதையும் கவனி.

தேர்வாகாமல் போனால்? பெரும்பாலான திட்டங்கள் தேர்வாவதில்லை. கைடும் எத்திக்ஸ் அனுமதியும் கையில் இருந்தால் அப்போதும் செய், ஐ.சி.எம்.ஆர். பணம் தராது என்பதைத் தவிர ஒன்றும் குறையாது.

தங்கை கதை வேறு. அவளுக்கு மே, ஜூன் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கான வேலை முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் தேடினால் மிஞ்சுவது இன்ஸ்டாகிராம் விளம்பரம்தான். மூன்று அறிவியல் அகாடமிகள், அதாவது பெங்களூருவில் சி.வி. ராமன் 1934ல் தொடங்கிய இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ், டெல்லியில் இருக்கிற இன்சா என்கிற இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் இருக்கிற நாசி என்கிற தேசிய அறிவியல் அகாடமி, மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம்தான் சின்ன ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது. தேர்வானால் நாட்டின் ஏதோ ஒரு ஆய்வகத்தில் இரண்டு மாதம், உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண், ஒரு ஆசிரியரின் பரிந்துரை, என்ன செய்ய விரும்புகிறாய் என்று ஒரு சிறு குறிப்பு, இவ்வளவுதான் கேட்பார்கள். பரிந்துரை எழுதும் ஆசிரியர் கடைசி நாளில் மறந்துவிடுவார், நாகரிகமாக மூன்று தடவை ஞாபகப்படுத்தச் சொல். இது தவிர பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், டி.ஐ.எஃப்.ஆர். என்கிற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் எல்லாமே கோடைத் திட்டம் நடத்துகின்றன, போட்டி கடுமை, ஆனாலும் விண்ணப்பம் போடட்டும்.

அப்புறம், அறிவிப்பே இல்லாத இடங்கள். சென்னை சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956ல் ஆரம்பித்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுத்துக் கிடப்பதற்குச் சமமாகக் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது அங்கே நடந்த ஆய்வுதான். புதுச்சேரியில் நோய் பரப்பும் கொசு போன்றவற்றை ஆராய்கிற வெக்டார் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கிறது, டெங்குவைக் குறைக்க வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022ல் அறிவித்தார்கள். மைக்ரோபயாலஜி படிக்கிற பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த மாதிரி இடங்களில் உள்ள விஞ்ஞானிகளுக்கு நேரே மெயில் எழுதலாம்.

எழுதும்போது, "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்" என்று ஆரம்பித்து இருநூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவது வேண்டாம், அது படிக்கப்படாமலே போகும். பத்துப் பேருக்கு எழுதட்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாக, பத்து வரிக்குள். உங்கள் இந்தக் கட்டுரையைப் படித்தேன், இந்த இடம் புரியவில்லை, ஆய்வக வேலைகளில் கிராம் ஸ்டெயினிங், ஸ்ட்ரீக்கிங், சீரியல் டைல்யூஷன் கையால் செய்திருக்கிறேன், பி.சி.ஆர். பார்த்ததோடு சரி, மே 10 முதல் ஜூன் கடைசி வரை வர முடியும், தங்க இடம் நானே பார்த்துக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது, பைப்பெட்டைப் பிடிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குமேல் விட்டுவிட வேண்டும்.

அமெரிக்கா பற்றி. அங்கே என்.ஐ.எச். என்கிற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்துகிற பிரபலமான கோடைத் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், அதனால் அதை நினைத்து ஏங்க வேண்டாம். உன் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அங்கே ரெசிடென்சி என்கிற மேல்படிப்புப் பயிற்சிக்கு ஆராய்ச்சி அனுபவம் உதவுகிறது என்பதால்தான் பல பேர் செய்கிறார்கள். ஆனால் இங்கேயே எம்.டி. சேர்ந்தாலும் தீசிஸ் எழுதியாக வேண்டும், அந்த சீனியர்களும்தான். அப்போது இரவல் எக்செல் ஷீட்டோடு நிற்பதற்கு, இப்போதே கற்றுக்கொள்.

இன்னொன்று, இதைக் கேட்கத் தயங்குவாய் என்பதால் நானே சொல்கிறேன்: கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதை கைடிடம் ஆரம்பத்திலேயே பேசிவிடு. நீ ஐ.சி.யு.வில் பார்க்கிற ஹெப்பாரின் என்கிற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர் 1916ல், வில்லியம் ஹோவெல் என்பவரின் ஆய்வகத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப்போய் உறையவிடாத பொருளில் போய் முட்டியதிலிருந்து வந்தது. கண்டுபிடித்தது மாணவரா பேராசிரியரா என்ற சண்டை அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. "சார், இது பேப்பராக வந்தால் ஆத்தர் வரிசை எப்படி இருக்கும்?" என்று திட்டம் எழுதுகிற வாரமே கேள். நல்ல கைடு கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு கைடைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.

கான்ஃபரன்ஸில் ஒரு போஸ்டர் வைத்துவிட்டாய் என்றால், "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் மகத்தான ஆய்வை எங்கள் இதழுக்குத் தாருங்கள்" என்று மெயில்கள் வர ஆரம்பிக்கும், கட்டணம் இத்தனை டாலர் என்று கடைசி வரியில் இருக்கும். டெலீட் செய்துவிட்டுப் போய் பார்மகாலஜி படி.