வாசகர் கேள்வி, எங்கள் பதில்: மக்கள் பிரதிநிதிக்கு எழுதும்போது

கேள்வி: வாடகைக் குடியிருப்பு மசோதா ஒன்றைத் திருத்தக் கோரி, இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் என் பெயரைச் சேர்த்து எங்கள் தொகுதி உறுப்பினருக்குப் பலமுறை அனுப்பினேன். பதிலே இல்லை. எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

பதில்: உங்கள் கடிதத்தை முதலில் பிரிப்பவர் பெரும்பாலும் உறுப்பினரின் உதவியாளர்தான், எழுதியவர் தங்கள் தொகுதிக்காரரா என்பதையே அவர் முதலில் பார்ப்பார். பிற தொகுதியினரின் வேண்டுகோளை எடுத்துக்கொள்வதில்லை என்பது பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கண்டிப்பான மரபாகவே உள்ளது. ஆகவே முழு முகவரியைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே வாசகத்தில் குவியும் கடிதங்களை எண்ணிக்கையாக மட்டும் குறித்துக்கொண்டு கட்டி வைத்துவிடும் அலுவலகங்கள் உண்டு. அந்த எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டுதான். ஆனால் உறுப்பினர் அவையில் எடுத்துப் பேசக்கூடிய செய்தி, உங்கள் சொந்தச் சொற்களில்தான் கிடைக்கும். "மசோதாவைத் திருத்துங்கள்" என்று பொதுவாக முறையிடுவதைவிட, "வீட்டைக் காலி செய்ய 15 நாள் அவகாசம் என்கிறது இந்தப் பிரிவு, பள்ளி ஆண்டின் நடுவில், இரண்டு குழந்தைகளுடன் அதற்குள் வேறு வீடு தேட எங்களால் இயலாது, இதை 60 நாளாக்கும் திருத்தத்தைத் தாங்கள் முன்மொழிய வேண்டுகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். பிரிவு எது, பாதிப்பு என்ன, அவர் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை போதும்.

காலமும் முக்கியம். மசோதா குழுவின் ஆய்வில் இருக்கும்போது திருத்தத்துக்கு இடமுண்டு. இறுதி வாக்கெடுப்பு முடிந்தபின் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அந்த வாய்ப்புத் திரும்பாது. எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்: 2001ஆம் ஆண்டு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் அடங்கிய கடிதங்கள் வந்தபின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வரும் அஞ்சல் சோதனைக்கு உட்படுத்தப்பட்டே உரியவரைச் சேர்கிறது. அவசரமென்றால் தொலைபேசியே மேல்.

பலர் சேர்ந்து கேட்கவும் வழியுண்டு. பிரிட்டனில் இணைய மனுவுக்கு 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசு பதிலளிக்கும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். நியூசிலாந்திலோ ஒரே கையொப்பத்துடன்கூட நாடாளுமன்றத்திடம் மனு அளிக்கலாம்.

பதில் வராவிட்டால் கோபமாக எழுத வேண்டாம். அலுவலகத்தை அழைத்து, அந்த மசோதாவைக் கவனிக்கும் உதவியாளர் யார் என்று கேட்டு, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கே அடுத்ததை அனுப்புங்கள்; அவை கூடாத நாட்களில் உறுப்பினர் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.