கேட்டபடி செய்து கொடுத்த பொருளுக்கு வந்த பணம் திரும்பப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் வாடிக்கையாளர் சொல்லும் அளவிலும் வடிவத்திலும் பொருள் செய்து இணையத்தில் விற்கிறார். செய்து அனுப்பிய பிறகு வாங்கியவர் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது அவருடைய பயம்.

நியாயமான பயம்தான். எல்லோருக்கும் பொதுவான பொருளை விற்பவருக்குத் தகராறு வந்தால், பொருளாவது திரும்பி வரும், இன்னொருவருக்கு விற்றுவிடலாம். நமக்கு அந்த வழி இல்லை. என் பட்டறையில் ஆணிகளைப் போட்டு வைத்திருக்கும் மரப்பெட்டியின் மூடியில் இரண்டு பேருடைய பெயர்களும் ஒரு தேதியும் செதுக்கப்பட்டிருக்கும். அவர்களை நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெட்டிக்கான ஆர்டர் தொலைபேசியில் வந்தது. கேட்டவர் கரும்பழுப்பு நிறம் வேண்டும் என்றார். என் மனத்தில் இருந்த கரும்பழுப்பு வரும்வரை எண்ணெய் பூசி, அனுப்பிவைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து, அட்டைப் பணத்தை எனக்கு வாங்கித் தரும் கட்டண நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. சொன்னபடி பொருள் இல்லை என்று அவர் தன் அட்டை வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை என்னிடமிருந்து திரும்பப் பிடித்துத் தரும்படி, கேட்டிருந்தார். எத்தனை நாள் உழைத்தேன், எவ்வளவு கவனமாகச் செதுக்கினேன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதை யாரும் கேட்கவில்லை. அவர் என்ன கேட்டார், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் கேட்டார்கள். எங்கேயும் எழுதப்படவில்லை. பணம் போயிற்று, அதற்கு மேல் தகராறுக் கட்டணமும் போயிற்று. பெட்டி மட்டும் திரும்பி வந்தது, அதுவே அதிசயம்.

தீர்ப்புச் சொல்பவர் நீங்களும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல. எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து உங்கள் கோப்பைச் சில நிமிடங்கள் மட்டும் புரட்டப்போகும் மூன்றாவது ஆள் அவர். அவருக்கு மரமும் தெரியாது, தோலும் தெரியாது, தையலும் தெரியாது. முதல் நாளிலிருந்து அவர் படிப்பதற்காகவே எழுதி வையுங்கள். நான் கற்றுக்கொண்டது ஏறக்குறைய இவ்வளவுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று வகை. பொருள் வந்து சேரவில்லை என்பது ஒன்று, சொன்னபடி இல்லை என்பது இரண்டாவது, இந்தப் பணத்தை நான் செலுத்தவே இல்லை என்பது மூன்றாவது. விசா அட்டையின் விதிகளில் இவற்றுக்கு முறையே 13.1, 13.3, 10.4 என்று எண்கள் உண்டு. கடிதம் வந்ததும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். சொன்னபடி இல்லை என்ற புகாருக்கு கூரியர் ரசீதை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததை அங்கே யாரும் மறுக்கவே இல்லை!

கேட்டபடி செய்பவர்களுக்கு உயிர்நாடி இரண்டாவது வகை. ஆர்டர் எந்த வழியில் வந்தாலும், பேசி முடித்த கையோடு ஒரு மின்னஞ்சல் எழுதுகிறேன். வெளி அளவா உள் அளவா, எத்தனை மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம், எந்த மரம், எந்தப் பூச்சு, என்ன எழுத்து, எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் அதில் இருக்கும். 'கையால் செய்வதால் சிறு வேறுபாடு இருக்கும்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. மரத்தின் ரேகையும் நிறமும் துண்டுக்குத் துண்டு மாறும், அளவில் இரண்டு மில்லிமீட்டர் வரை வேறுபடலாம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பதிலாகக் கட்டைவிரல் படம் வந்தால் ஏற்பதில்லை. 'படித்தேன், இப்படியே செய்யுங்கள்' என்று எழுத்தில் வந்த பிறகுதான் ரம்பத்தை எடுப்பேன். நடுவில் ஒரு மாற்றம் சொன்னாலும், அந்த மாற்றத்தை மட்டும் எழுதாமல் முழு விவரத்தையும் புதிதாக அனுப்பி மறுபடி ஒப்புதல் வாங்குகிறேன். எரிச்சல் பிடித்த வேலைதான். ஆனால் ஐந்து செய்திகளில் சிதறிக் கிடக்கும் ஒப்பந்தத்தை அந்த மூன்றாவது ஆள் தேடிச் சேர்க்கமாட்டார்.

நிறத்துக்குத் தனியாக ஒரு பாடு. ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு பழுப்பு தெரியும். அதனால் பூச்சு அடித்த மாதிரித் துண்டை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு மறுபாதியை அவருடைய ஆர்டர் எண்ணை எழுதி வைத்துக்கொள்கிறேன். கையில் வைத்துப் பார்த்துச் சரி என்று அவர் எழுதிய பிறகு நிறத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

பணத்தை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். முன்பணம், பொருட்செலவையும் திருப்ப முடியாத உழைப்பையும் ஈடுகட்டும் அளவுக்கு இருக்க வேண்டும். மீதியை, முடிந்த பொருளின் படங்களை அனுப்பிய பிறகு, பார்சல் கட்டுவதற்கு முன் வாங்க வேண்டும். இதனால் முன்பணத்தின் மேல் புகார் வராது என்று நினைக்க வேண்டாம், வரலாம். ஆனால் முடிந்த பொருளைப் பார்த்துவிட்டு மீதியைக் கட்டியவர், பிறகு நான் கேட்டது இதுவல்ல என்று சொல்வது கொஞ்சம் சிரமம். பெரிய தொகையை வங்கிப் பரிமாற்றமாகக் கேட்கலாம். அட்டைக்கு இருப்பது போன்ற சார்ஜ்பேக் வழி அதற்கு இல்லை. அதனாலேயே புது வாடிக்கையாளர் தயங்குவார், அந்தத் தயக்கமும் நியாயமானதே.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பெரிதாகப் போட்டுவிட்டால் போதும் என்பது நம்மவர்களிடையே உள்ள பெரிய மூடநம்பிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதி, இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. வாங்குபவரின் விவரப்படி செய்த பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு மனம் மாறியவருக்கு எதிராகத்தான் நிற்கும். குறையுள்ள பொருளுக்கும் சொன்னபடி இல்லாத பொருளுக்கும் எந்த அறிவிப்புப் பலகையும் காப்பாகாது. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பும் அப்படியே. வந்து சேரவில்லை, நான் செலுத்தவில்லை என்ற புகார்களுக்குத்தான் அது குடை பிடிக்கும், சொன்னபடி இல்லை என்ற புகாருக்குப் பிடிக்காது.

வாங்கியவர் புகார் கொடுப்பதற்கான காலக்கெடு பலரும் கவனிக்காத இடம். விசாவில் பொதுவாக 120 நாட்கள். பொருள் பிறகு வரும் என்ற வியாபாரத்தில் அது பணம் கட்டிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. பொருள் வந்துசேரும் என்று எதிர்பார்த்த நாளிலிருந்து எண்ணுவார்கள், பரிவர்த்தனையிலிருந்து 540 நாட்கள் என்பது மேல் எல்லை. பேபாலில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாட்கள் வரை. ஆகவே பார்சல் போனதும் கோப்பை அழித்துவிடாதீர்கள், நான் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கிறேன். வேலை தாமதமானால் புதிய தேதிக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இல்லாவிட்டால் பொருள் உங்கள் மேசையில் பாதி முடிந்திருக்கும்போதே வந்து சேரவில்லை என்ற புகார் வந்து நிற்கும்.

அனுப்புவதில் சொல்ல அதிகம் இல்லை. கண்காணிப்பு எண் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள், விலை கூடிய பொருளுக்குக் கையெழுத்து வாங்கும் சேவையை எடுங்கள். பணம் செலுத்தியபோது கொடுத்த முகவரியை விட்டு வேறு முகவரிக்கு அனுப்பாதீர்கள். 'என் ஆளே வந்து எடுத்துக்கொள்வார்' என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் உஷாராகிவிடுங்கள். அந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அது வந்து சேர்ந்ததற்கு உங்களிடம் ஒரு சான்றும் இருக்காது.

மூன்றாவது வகைக்கு ஓடிபி கேட்கும் கட்டண முறை நல்ல அரண். அப்படிச் சரிபார்க்கப்பட்ட பணத்தை நான் செலுத்தவில்லை என்று ஒருவர் சொன்னால், இழப்பு பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியின் தலையில்தான் விழும். இன்னொன்று, வாடிக்கையாளரின் அட்டைக் கணக்கில் உங்கள் கடை எந்தப் பெயரில் தெரிகிறது என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எனக்கு அது பல மாதங்களாகப் பழைய பதிவுப் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது. யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று பயந்து புகார் கொடுத்தவரை எப்படிக் குறை சொல்வது?

தகராறு வந்தேவிட்டால், அது நடக்கும்போது தனியாகப் பணத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள், இரண்டு முறை இழக்க நேரிடும். வாடிக்கையாளர் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று சொன்னாலும் கெடுவுக்குள் உங்கள் பதில் போய்விட வேண்டும். தவறு உங்களுடையது என்றால் ஒப்புக்கொண்டுவிடுங்கள். கோணலாகக் கீல் வைத்த ஒரு பெட்டிக்கு நான் மல்லுக்கு நிற்கவில்லை.

கடைசியாக வந்த தகராறு ஓர் எழுத்தைப் பற்றியது. பெயரில் 'ன' இருக்க வேண்டிய இடத்தில் 'ண' செதுக்கியிருக்கிறேன் என்பது புகார். அவர் முதலில் எழுதி அனுப்பியதே 'ண' தான். சந்தேகம் வந்து, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று நானே கேட்டிருந்தேன். 'மூன்று சுழிதான், சரியாக இருக்கிறது' என்று பதில் வந்திருந்தது. என் விளக்கம் ஒரே பக்கம்: அந்தக் கேள்வி, அந்தப் பதில், வங்கிக்காரருக்குப் புரிய இரண்டு எழுத்தையும் பெரிதாக வரைந்த படம், மூடியின் புகைப்படம். இரண்டு மாதம் கழித்துப் பணம் என் பக்கம் வந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து அவரே எழுதினார், இரண்டு சுழியோடு ஒரு பெட்டி வேண்டும் என்று. செய்துகொடுத்தேன், முழுத்தொகையையும் வங்கிப் பரிமாற்றத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு.