வெளிநாட்டில் மாணவர் ஊழியம்: 64 பங்கு சேர்ந்துவிட்டது, கிளம்பலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது, மணமாகவில்லை. 5 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் 3 ஆண்டு ஊழியம் செய்ய ஒரு மாணவர் ஊழிய அமைப்பு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, தாங்குவோரை நானே திரட்ட வேண்டும். மாதத் தேவையை 100 பங்கு என்று வைத்தால் 64 பங்குக்கு ஆள் கிடைத்துவிட்டது. கல்வியாண்டு தொடங்க 4 மாதம்தான் இருக்கிறது. "மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், போய்விடு" என்கிறார்கள் சபையில் சிலர். என் சேமிப்பு 600 பங்கு. அதை வைத்துக் குறையை ஈடுகட்டலாமா? கல்விக் கடனில் 18 தவணை பாக்கி, ஒரு தவணை 10 பங்கு. பெற்றோருக்கு மாதம் 8 பங்கு கொடுக்கிறேன். தாங்குவோர் பட்டியலையும் பட்ஜெட்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரி, இந்த 4 மாதத்தில் கிளம்ப வேண்டாம். ஒரு பருவம் தள்ளிப்போடுங்கள். உங்கள் அழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் அந்த 64 மேல்தான்.

உங்கள் பட்டியலில் 31 பெயர் இருக்கிறது. அதில் மாதாமாதம் கொடுக்கத் தொடங்கிவிட்டவர்கள் 17 பேர். அவர்கள் தருவது 41 பங்கு. "நீங்கள் கிளம்பும்போது தருகிறோம்" என்றவர்கள் 6 பேர், 15 பங்கு. மீதி 8 பேர் ஒரே ஒரு முறை கொடுத்தவர்கள். அவர்கள் கொடுத்த 96 பங்கை 12 மாதத்துக்குப் பிரித்து, மாதம் 8 பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு முறை வந்த காணிக்கை 13ஆம் மாதம் திரும்ப வராது. அதை மாதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆக, இன்று கைக்கு வருவது 41. வாக்குறுதியையும் சேர்த்தால் 56.

அடுத்து அந்த 100. வாடகை, சாப்பாடு, பயணம், மருத்துவக் காப்பீடு, மாணவர்களுக்கான செலவு எல்லாம் இருக்கிறது. பெற்றோருக்கான 8 இல்லை. முதுமைக்கு ஒன்றும் இல்லை. 3 ஆண்டு சேமிக்காமல் விட்டால் அந்த இடைவெளியைப் பிறகு நிரப்புவது கடினம், 8 வையுங்கள். திரும்பி வந்து வேலை கிடைக்கும்வரை வாழ 4. நாணய மாற்று விகிதம் சரிந்தால் தாங்க 6. மொத்தம் 126. இனி உங்கள் பட்ஜெட் தாளின் கடைசி வரியைப் பாருங்கள்: "வரும் காணிக்கையில் 10 சதவீதம் நிர்வாகத்துக்குப் பிடிக்கப்படும்." 126 கையில் கிடைக்க 126-உடன் 10 சதவீதம் கூட்டினால் போதாது. 0.9-ஆல் வகுக்க வேண்டும். விடை 140.

140-க்கு 41 என்றால் 29 சதவீதம். வாக்குறுதியோடு சேர்த்தாலும் 40 சதவீதம்தான். இதைச் சொல்வது உங்களைத் தளர்த்த அல்ல. வாடகைக்கு வழியில்லாமல் பாதியில் திரும்புவது உங்களை மட்டும் பாதிக்காது. அந்த வளாகத்தில் உங்களை நம்பி வேதபாடத்துக்கு வரத் தொடங்கிய பிள்ளைகளும் பருவத்தின் நடுவில் தனியாக விடப்படுவார்கள்.

சேமிப்பைப் போட்டு நிரப்பினால் என்ன ஆகும்? உங்கள் கணக்குப்படி குறை 36 மட்டுமே என்றே வைப்போம். 600 பங்கு 16 மாதத்தில் தீர்ந்து, 17ஆம் மாதம் கை வறண்டுவிடும். ஊழியக் காலமோ 36 மாதம். இதற்குள் தாங்குவோரில் சிலருக்கு வேலை போகும், சிலருக்குப் பிள்ளை பிறக்கும், சிலர் சபை மாறுவார்கள். குறை 36-இலேயே நிற்காது.

சேமிப்புக்கு வேறு வேலை இருக்கிறது. முதலில் கல்விக் கடனை அடைத்துவிடுங்கள். அதிகபட்சம் 180 பங்கு; முன்கூட்டி அடைத்தால் வட்டி மிச்சம், ஆனால் அதற்கு அபராதம் உண்டா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊழியத்துக்கென்று வந்த காணிக்கையில் சொந்தக் கடன் தவணை கட்டுவதைப் பல அமைப்புகள் அனுமதிப்பதில்லை, தாங்குவோரும் விரும்புவதில்லை. மிச்சம் 420. அதில் 300-ஐ அவசர நிதியாகச் சொந்த நாட்டுக் கணக்கிலேயே விடுங்கள். குடும்பத்தில் மரணம் என்றால் அன்றே டிக்கெட் எடுக்கும் பணம் அது. மீதி 120-உடன் அந்த 96-ஐச் சேர்த்தால் 216. விமானக் கட்டணம், விசா, வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, பாத்திரம் படுக்கை எல்லாவற்றுக்கும் 300 பங்கு வேண்டியிருக்கும் என்று வையுங்கள். குறையும் 84-ஐ ஒருமுறைக் காணிக்கையாகக் கேளுங்கள். மாதம் கொடுக்க முடியாதவர்கள் சந்தோஷமாகக் கொடுப்பது இதற்குத்தான்.

மாதக் காணிக்கையில் திரட்ட வேண்டியது இன்னும் 84 பங்கு. இதுவரை 23 பேர் தருவது, வாக்குறுதியையும் சேர்த்து, 56, ஆளுக்குச் சராசரி 2.4. அப்படியானால் புதிதாக 35 பேர் வேண்டும். கேட்பவர்களில் மூவரில் ஒருவர் சம்மதிப்பார் என்று கொண்டால் 105 பேரை நேரில் சந்திக்க வேண்டும். 4 மாதத்தில் என்றால் வாரம் 6 சந்திப்பு. முழுநேர வேலையோடு அது நடக்காது. தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான்.

ஆராதனை முடிவில் அறிவிப்புச் செய்வதை நம்பியிருக்காதீர்கள். "ஜெபிக்கிறோம்" என்று நிறையப் பேர் சொல்வார்கள், பணம் வராது. ஒவ்வொரு வீடாகப் போங்கள். அரை மணி நேரம் போதும்: எங்கே போகிறீர்கள், அங்கே மாணவர் நிலை என்ன, உங்கள் பங்கு என்ன. பிறகு தொகையைச் சொல்லிக் கேளுங்கள்: "மாதம் இவ்வளவு வீதம் 36 மாதம் என்னைத் தாங்க முடியுமா?" கேட்டபின் பேசாமல் இருங்கள். "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்றால் அன்று கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவார்கள். பதில் சொல்ல அவகாசம் கேட்டால் 7ஆம் நாள் போன் செய்யுங்கள். சம்மதித்தவரிடம் வங்கியில் தானியங்கிப் பற்றுக்கு (மாதாமாதம் தானாகவே பணம் போகும்படி) அன்றே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மறதியால் நின்றுபோகும் காணிக்கைதான் அதிகம். சபைகளிடம் கேட்பதானால் மிஷனெரி பட்ஜெட்டை எந்த மாதம் முடிவுசெய்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். தவறவிட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒரே சபையோ ஒரே ஆளோ மொத்தத்தில் 20 சதவீதத்துக்கு மேல் தாங்கும்படி வைக்காதீர்கள். அங்கே போதகர் மாறினால் உங்கள் வாடகையும் ஆடிப்போகும்.

கேட்பது கூச்சமாக இருக்கிறதென்றால் பவுலைப் பாருங்கள். கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார் (அப்போஸ்தலர் 18:3). சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்தபின் வசனத்தில் முழுவதும் ஈடுபட்டார். பிலிப்பியர் அனுப்பியதை நன்றியோடு வாங்கி, எழுதியும் வைத்தார். உங்கள் சபையில் சிலர் சீனாவுக்குப் போன ஆங்கிலேய மிஷனெரி ஹட்சன் டெய்லரை மேற்கோள் காட்டக்கூடும். 1865-இல் அவர் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன் யாரிடமும் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதே மிஷன் கடன் வாங்குவதில்லை என்றும் உறுதியாக இருந்தது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கடன் அட்டையில் போய் நிற்கிறார்கள்.

காணிக்கை உங்கள் சொந்தக் கணக்குக்கு வர வேண்டாம். அமைப்பின் கணக்குக்கே போகட்டும். நன்கொடைக்கு வரிச்சலுகை உள்ள நாடுகளில் அது பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும், தனிநபருக்குக் கொடுத்தால் கிடைக்காது. உங்களுக்கும் கணக்குக் காட்டுவது எளிது. காணிக்கைப் பணத்தைச் சுமக்கப் பவுலே தன்னோடு வேறு சகோதரரைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21).

வரி விஷயத்தில் ஒன்று: பல நாடுகள் ஓர் ஆண்டில் 183 நாள் தங்கினால் உங்களை வரி வசிப்பாளராக, அதாவது வரி விஷயத்தில் அந்நாட்டில் வசிப்பவராக, கருதும். காணிக்கையிலிருந்து உங்களுக்கு வரும் மாதாந்திரப் படி அங்கே வருமானமாகக் கருதப்படலாம். இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இருக்கிறதா என்று கிளம்புமுன் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். வந்த நாள், போன நாள் குறித்து ஒரு நோட்டு வையுங்கள். விசாவையும் சரியாகப் பாருங்கள். மத ஊழியர் விசாவில் பகுதிநேர வேலை பார்த்தால் பல நாடுகளில் அது மீறல். சொந்த நாட்டு நிறுவனத்துக்கு இணையவழியில் செய்யும் வேலைக்கும் தடை இருக்கலாம். "குறைந்தால் ஃப்ரீலான்ஸ் செய்வேன்" என்ற எண்ணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பட்ஜெட்டில் எழுதாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் அவசர விமானப் போக்குவரத்து, மனநல சிகிச்சை, ஏற்கெனவே உள்ள நோய், விடுமுறையில் ஊருக்கு வரும் நாட்கள் ஆகியவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சொந்த நாட்டுப் பாலிசியை முறித்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பிவந்து புதிதாக எடுத்தால், சில நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து எண்ணப்படும்.

கிளம்பும் நாளை இப்படித் தீர்மானியுங்கள்: 140-க்கும் உறுதி வந்திருக்க வேண்டும், அதில் 90 சதவீதமாவது தொடர்ந்து 2 மாதம் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். போனபின் 3 மாதம் தொடர்ச்சியாக வரவு 85 சதவீதத்துக்குக் கீழே போனால், ஊருக்கு வந்து மறுபடி திரட்டுவது என்று உங்கள் சபை மூப்பரோடும் அமைப்போடும் இப்போதே எழுதி வையுங்கள்.

தாமதத்தை அந்த 23 பேருக்கும் இந்த வாரமே சொல்லுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம்: "என் தேவையைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தேன். சரியான தொகை இது. இதுவரை வந்திருப்பது இது. அடுத்த பருவத்தில் புறப்படுகிறேன். அதுவரை நீங்கள் அனுப்புவது என் பெயரில் அமைப்பின் கணக்கில் இருக்கும்." கடைசி வரி உண்மைதானா என்று அமைப்பின் பொருளாளரிடம் கேட்டபிறகு அனுப்புங்கள்.