வளையத்துக்கு அடியில் நிறுத்தாத கோச்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூஜெர்சியில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஆறடி இரண்டங்குலம். பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவன்தான் உயரம். வளையத்துக்கு அடியில் நிறுத்தினால் ஒரு ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுப்பான். கோச்சோ அவனைப் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி வரச் சொல்கிறார். அவன் பந்தைப் பறிகொடுக்கிறான், அணி தோற்கிறது. பயிற்சியில் பாதி நேரம் இடது கை லே-அப்பும் (வளையத்தை ஒட்டி ஓடிவந்து பந்தைப் போடுவது) டிஃபென்ஸுக்குக் கால் வைக்கும் முறையும்தான். வேறொரு பள்ளியின் கோச், "என்னிடம் அனுப்புங்கள், இவன் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) போக வேண்டிய பையன்" என்கிறார். வீட்டு வாசலில் வளையம் மாட்டி ஏழு வருடமாகப் பாடுபடுகிறோம். பள்ளியை மாற்றலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றாதீர்கள். நீங்கள் குறையாக எழுதியிருப்பதெல்லாம் எனக்கு அந்தக் கோச்சின் நிறைகளாகத் தெரிகின்றன.

பள்ளியில் ஆறடி இரண்டங்குலம் என்பது பெரிய உயரம். இன்னும் இரண்டங்குலம் வளர்ந்தாலும் என்பிஏவில் அது பந்தைக் கொண்டுவரும் 'கார்டு' என்ற ஆட்டக்காரரின் உயரம்தான். வளையத்துக்கு அடியில் நிற்பவர்கள் அங்கே ஏழடியை ஒட்டி இருப்பார்கள். இப்போது உங்கள் மகனை அடியில் நிறுத்தி இருபது புள்ளி எடுக்கவைப்பது எந்தக் கோச்சுக்கும் சுலபம். பள்ளி முடியும்வரை அப்படியே ஆடிவிட்டுக் கல்லூரிக்குப் போனால், அங்கே எல்லோரும் அவன் உயரம் இருப்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வரத் தெரியாது, இடது கை வராது, வெளியே நிற்பவனைத் தடுக்கக் கால் நகராது. இந்த இடத்தில் உட்கார்ந்துபோன பையன்கள் ஏராளம். உங்கள் கோச் தோல்விகளைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு ஆள் இருந்தார். ஜெர்சி சிட்டி செயின்ட் ஆன்டனி பள்ளியின் பாப் ஹர்லி. 1972 முதல் 2017 வரை அங்கே கோச். இருபத்தைந்து முறைக்கும் மேல் மாநிலப் பட்டம், ஆயிரத்து நூறுக்கும் மேல் வெற்றிகள். பல வருடம் அவருக்குச் சம்பளம் தந்த வேலை வேறு: ஹட்சன் கவுண்டியில் நன்னடத்தை அலுவலர். தவறிப்போன பையன்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று பகலில் பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வருவார். பள்ளிக்குச் சொந்தமாக ஆடுகளம்கூடக் கிடையாது. பிங்கோ என்ற எண் விளையாட்டு நடக்கும் ஒரு பழைய கூடத்தில் வெகுகாலம் பயிற்சி நடந்தது. கல்லூரிகள் கூப்பிட்டும் அவர் போகவில்லை.

அவரிடம் ஆடிய கைல் ஆண்டர்சன் ஆறே முக்கால் அடி. வேறு யாராக இருந்தாலும் அவரை வளையத்துக்கு அடியில் நட்டுவைத்திருப்பார்கள். ஹர்லி பந்தை அவர் கையில் கொடுத்து ஆட்டத்தை நடத்தவிட்டார். ஆண்டர்சன் இருந்த இரண்டு சீசனில் அணி 65 ஆட்டம் ஆடி 65-ம் வென்றது. என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2014 டிராஃப்ட்டில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை 30-வது ஆளாக எடுத்தது. வேகமே இல்லாதவர், 'ஸ்லோ மோ' என்றுதான் பட்டப்பெயர். ஆனால் உயரத்தோடு பந்தாட்டமும் கைவந்திருந்ததால் பத்து வருடம் தாண்டி நின்றார்.

ஹர்லியின் சொந்த மகன்கள் இருவரும் அவரிடம்தான் ஆடினார்கள். மூத்தவர் பாபி, 1993 டிராஃப்ட்டில் ஏழாவது ஆள். அதே டிசம்பரில் கார் விபத்து. உயிர் பிழைத்தார், ஆட்டம் பழையபடி வரவில்லை. இளையவர் டான் என்பிஏ பக்கமே போகவில்லை. ஆனால் கோச்சாக கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு 2023, 2024 என அடுத்தடுத்து தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். ஒரே தகப்பன், ஒரே பயிற்சி. யார் எங்கே போய் நிற்பார்கள் என்று ஹர்லியாலேயே எழுதிக்கொடுத்திருக்க முடியாது. பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து 'என்பிஏ' என்று சொல்கிறவர் எதை வைத்துச் சொல்கிறார்?

அமெரிக்காவில் பள்ளி அணிகளில் ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். டிராஃப்ட்டில் வருடத்துக்கு அதிகபட்சம் 60 பேர், அதிலும் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போலப் பள்ளியிலிருந்து நேரே போகும் வழியும் 2006-லிருந்து இல்லை. 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு கோச்சிடம் நான் கேட்பது, உங்கள் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதைத்தான். மேரிலாந்தில் டிமாத்தா பள்ளியின் மார்கன் வூட்டன் இதற்குப் பதில் வைத்திருந்தார். 1956 முதல் 2002 வரை 1,274 வெற்றிகள். வகுப்பில் உலக வரலாறு நடத்திய வாத்தியார். ஏட்ரியன் டான்ட்லி, டானி ஃபெரி என்று என்பிஏவுக்குப் போனவர்கள் பலர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. சுமார் முப்பது வருடம், அவர் அணியில் கடைசி வருடம் படித்த ஒவ்வொரு பையனுக்கும், ஆடாமல் உட்கார்ந்திருந்தவனுக்கும் சேர்த்து, கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அந்த இன்னொரு கோச்சிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் உங்கள் மகனின் பயிற்சிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து, கோச் கடைசிப் பையனிடம் எப்படிப் பேசுகிறார் என்றும் பாருங்கள்.

வூட்டனிடமிருந்து உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1965-ல் அவர் அணி நியூயார்க்கின் பவர் மெமோரியலுடன் மோதியது. அந்தப் பள்ளி தொடர்ந்து 71 ஆட்டம் ஜெயித்திருந்தது. அங்கே ஏழடி லூ அல்சிண்டர் இருந்தார், பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட என்பிஏ நட்சத்திரம். அந்தக் கைகளுக்கு மேலே பந்தை வளைத்துப் போடப் பழக்குவதற்காக, வூட்டன் பயிற்சியில் டென்னிஸ் மட்டையைத் தூக்கிப் பிடித்துத் தடுக்கவைத்தார். டிமாத்தா 46-43 என்று வென்றது. உங்கள் வீட்டு வாசலில்தான் வளையம் இருக்கிறதே. ஒரு பேட்மின்டன் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நில்லுங்கள். இடது கையால் போடச் சொல்லுங்கள்.