மந்தமான நேரத்தில் புரோக்கர் இடத்தைப் பிடித்துப் போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒன்பது வருஷமாக இடம், வீடு புரோக்கர் வேலை செய்கிறேன். இப்போதெல்லாம் பார்ட்டி வந்து பார்ப்பதோடு சரி. மாதம் ஒரு வியாபாரம் முடிவதே அபூர்வம். 10 சென்ட் இடம் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. கையில் 2 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை வைத்து இன்னொரு 2 லட்சம் எடுத்து, அட்வான்ஸ் கொடுத்து ஆறு மாத அக்ரிமென்ட் போட்டு, விலை ஏற்றி விற்கலாமா?

பதில்: வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வாங்க ஆள் இல்லாததால்தான் அந்த இடம் மலிவாக வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியதும் இதே பார்ட்டிகளைத்தான். கெடு தாண்டினால் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது லேசான காரியமா என்ன? 20 லட்ச ரூபாய் இடத்துக்கு 2 சதவீத கமிஷன் 40,000. 4 லட்சம் மாட்டிக்கொண்டால் பத்து வியாபாரத்துக் கூலி மாட்டிக்கொண்டது போல.

அதைவிட, அந்த உரிமையாளரிடம் மூன்று மாதத்துக்கு உங்கள் வழியாகவே விற்பதாக எழுதி வாங்குங்கள். பிறகு காகிதத்தில் இறங்குங்கள். நம் குமரி மாவட்டத்தில் பேச்சு முடிந்த வியாபாரம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். 1956க்கு முன் திருவிதாங்கூரில் இருந்த ஊர் இது. அதனால் தாய்ப் பத்திரம், அதாவது இடத்தின் பழைய மூலப் பத்திரம், மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஆள் வைத்திருங்கள். இடத்துக்குச் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி நால்வரில் இருவர் வளைகுடாவில் இருந்தால், தங்கள் சார்பில் விற்க இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கார் போகும் பாதை பத்திரத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இடத்தின் மேல் ஏற்கெனவே பதிவான விற்பனை, அடமானம் போன்ற வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பார்ட்டி கேட்பதற்கு முன்பே இத்தனையும் ஒரே ஃபைலில் இருந்தால், கமிஷனில் அரை சதவீதம் கூட்டிக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கும்.

செலவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9 சதவீதம். 20 லட்சத்துக்கு 1.8 லட்சம். கடைசி வாரத்தில் இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் உண்டு. 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

சரி, கையிலிருக்கும் 2 லட்சம்? அது வீட்டுச் செலவுக்கு. எத்தனை மாதம் தாங்கும் என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பாதியை சேமிப்புக் கணக்கிலும் மீதியை நினைத்தபோது உடைக்கக்கூடிய வைப்பு நிதியிலும் போடுங்கள். இடைப்பட்ட நாளில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். நாகர்கோவில், ஆசாரிப்பள்ளம் பக்கம் ஆஸ்பத்திரி, கல்லூரி ஆட்களுக்கு வீடு எப்போதும் தேவை. ஒரு மாத வாடகை கமிஷனாக வந்தாலும் பால், மளிகைக்கு ஆச்சு.

புதிதாகப் போடும் பெரிய மனைப்பிரிவில் விற்றுத் தரக் கூப்பிட்டால், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் ஏஜென்டாகப் பதிவு செய்யாமல் போகாதீர்கள். அபராதம் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். அப்புறம் வருமான வரி. கடைக்காரர்கள் போல வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டும் வசதி கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது. பெட்ரோல், போன் பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.