அகதிகள் வந்து தங்கினால் உள்ளூர் மக்களுக்கு நன்மையா, பாதிப்பா?

இரண்டும் உண்டு. யாருக்கு எது என்பதுதான் முக்கியம்.

1993-94இல் புருண்டி, ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் தான்சானியாவின் ககேரா பகுதிக்குத் தப்பி வந்தார்கள். உணவுப் பொருளுக்குக் கிராக்கி கூடியதால், விற்க விளைச்சல் வைத்திருந்த விவசாயிகளுக்கு லாபம். கூலி வேலையை நம்பியிருந்தவர்களுக்கோ போட்டி, கூடவே விலைவாசி உயர்வு. விறகுக்கும் நெருக்கடி. ஆனால் நிவாரணப் பணிக்காகச் சீரமைத்த சாலைகள், அகதிகள் திரும்பிய பிறகும் அந்த ஊர்களுக்குப் பயன்பட்டன.

சரி, மக்களின் மனநிலை? 2015இல் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில் நடந்ததை அவசியம் கவனிக்க வேண்டும். அகதிகள் தங்கிய ஊர்களில் தீவிர வலதுசாரிக் கட்சிக்கான ஆதரவு மற்ற ஊர்களை ஒப்பிடக் குறைவாக இருந்தது. அவர்கள் வெறுமனே கடந்து போன எல்லையோர ஊர்களில் அது கூடியது. கூட்டமாகப் பார்ப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரராகப் பேசிப் பழகுவது வேறு.

பழக்கம் மட்டும் போதாது, பங்கும் வேண்டும். உகாண்டாவில் அகதிகள் வேலை செய்யலாம், பயிரிட நிலமும் தருகிறார்கள். உதவித் திட்டங்களில் சுமார் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்குச் சேர வேண்டும் என்பது அங்கே கொள்கை. அப்புறம், கிணறும் பள்ளியும் இருவருக்கும் பொதுவாகிவிடும்போது, 'அவர்களுக்கு மட்டும்தானா?' என்ற மனத்தாங்கலுக்கு இடம் குறைகிறது.